மானாவாரி ஊரில் வேளாண் சூழலியலைத் தொடங்குவது எப்படி? கரிசல் காட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் வருடம் நாங்கள் ஒரே ஒரு சம்சாரியை, அதாவது ஒரு விவசாயியை, நம்பித் தொடங்கினோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். அவருடைய இரண்டு ஏக்கர் பிஞ்சையில் (புன்செய்) குதிரைவாலியும் ஊடே துவரையும் விதைத்தார். ரசாயன உரம் ஒரு கைப்பிடிகூடப் போடவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. பயிர் எழுந்து நின்ற அழகைப் பார்த்துப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கதிர் பால் பிடித்ததும் குருவிகளும் மயில்களும் வந்தன. சுற்று வட்டாரத்தில் வேறு யாரும் சிறுதானியம் போடாததால் அத்தனை பறவைக்கும் அந்த இரண்டு ஏக்கர்தான் சாப்பாடு. மிஞ்சிய துவரை தை மாதம் காய் பிடித்து நின்றபோது, மற்றவர்கள் மக்காச்சோளத்தை அறுத்து முடித்து ஆடுமாடுகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். துவரை போன இடம் தெரியவில்லை.

அவர் எங்கள் மேல் கோபப்படவில்லை. "தம்பி, ஊரே போட்டா ஊருக்கெல்லாம் பிரிச்சுத் திங்கும். நான் மட்டும் போட்டா என்னையத்தான் திங்கும்" என்று மட்டும் சொன்னார்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. பாசன வசதி உள்ள தோட்டத்தில் ஒருவர் வேலி போட்டுத் தனியாக இயற்கை விவசாயம் செய்துவிடலாம். மானாவாரியில் மழைநீர் மேட்டுக் காட்டுக்காரரை (விளைநிலத்தைத்தான் காடு என்கிறோம்) தாண்டித்தான் உங்களிடம் வருகிறது. மேய்ச்சல் பொது, பறவை பொது, விதைக்கும் நாளும் ஏறக்குறைய பொது. அதனால் வேளாண் சூழலியலை இங்கே ஊரளவில்தான் தொடங்க வேண்டும். குறைந்தது அடுத்தடுத்துச் சேர்ந்து கிடக்கும் ஒரு சேர்மானக் காடாவது வேண்டும்.

வேளாண் சூழலியல் என்ற சொல் புதிதாக இருக்கலாம். மண், நீர், பயிர், ஆடுமாடு, மரம், மனிதர், சந்தை எல்லாவற்றையும் ஒரே உறவாகப் பார்த்துப் பயிர் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1963 முதல் 1969 வரை வேலை பார்த்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், மானாவாரி நிலத்தில் உரத்தையும் வீரிய விதையையும் வைத்துச் செய்யும் ஆராய்ச்சி சம்சாரிக்குப் பயன்படவில்லை என்று சொல்லி வேலையை விட்டவர். மழையை மட்டுமே நம்பியிருக்கும் நிலத்தில் காசு கொடுத்து வாங்கும் இடுபொருளைக் கொட்டுவது சூதாட்டம் என்று அவர் கண்டது இந்தக் கரிசல் மண்ணில்தான்.

கீழே சொல்பவை விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக் கரிசலுக்குப் பொருந்தும். செம்மண் காட்டுக்கு எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

மாசி, பங்குனி: முதலில் நடங்கள்

அறுவடை முடிந்து காடு வெறுமையாகக் கிடக்கும் இந்த இரண்டு மாதமும் கூட்டம் போடாதீர்கள். ஊரில் வயதான நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். ஊரின் மேட்டு எல்லையில் தொடங்கி, மழைத்தண்ணீர் போகும் வழியிலேயே இறங்கிக் கண்மாய் வரை போக வேண்டும். எந்த ஓடை எங்கே தூர்ந்திருக்கிறது, யாருடைய பொழி (வரப்புக் கரை) எங்கே உடைந்திருக்கிறது, எந்தக் காட்டில் தண்ணீர் நாலு நாள் நிற்கும், எது அரை நாளில் காய்ந்துவிடும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு நோட்டில் கோட்டுப் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

போகிற வழியில் ஒவ்வொரு காட்டிலும் எலுமிச்சங்காய் அளவு ஒரு மண்கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிகள் நன்றாகக் காய்ந்த பிறகு, ஊர்ச் சாவடியில் எல்லோரும் பார்க்க, கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். மக்காச்சோளத்தையே திரும்பத் திரும்பப் போட்ட காட்டுக் கட்டி இரண்டு நிமிடத்தில் கரைந்து குழம்பாகிவிடும். வருடா வருடம் ஆட்டுக் கிடை போட்ட காட்டுக் கட்டியோ, உடை மரத்தடியிலிருந்து எடுத்ததோ, காற்றுக் குமிழி விட்டுக்கொண்டு வெகுநேரம் உருக்குலையாமல் கிடக்கும். மக்குப் பொருள் மண்ணைக் கட்டிப் பிடிக்கிறது என்று அரை மணி நேரம் பேசுவதைவிட இது வேலை செய்யும். எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா அந்த டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நம்ம காடு இப்படியா கரையுது?" என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான்.

மழையை அளக்க இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் போதும். உழவு மழை (உழும் அளவுக்கு ஈரம் தரும் மழை), ரெட்டை உழவு மழை என்று நம் ஊரில் ஏற்கெனவே கணக்கு உண்டு. அதன் பக்கத்தில் மில்லி மீட்டரையும் எழுதிவைத்தால் பின்னால் காப்பீடு, நிவாரணம் என்று பேசும்போது கை கொடுக்கும்.

ஆளைச் சேர்ப்பது

ஆர்வமுள்ளவர்களை ஊர் முழுக்கத் தேடிச் சேர்க்கக் கூடாது. காடு அடுத்தடுத்து இருப்பவர்களைச் சேர்க்க வேண்டும். பத்துப் பதினைந்து குடும்பம், ஒரே ஓடைக்குத் தண்ணீர் வடிக்கிற முப்பது நாற்பது ஏக்கர் என்றால் நல்ல தொடக்கம். இடையில் ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால் அவரை விட்டுவிடுங்கள், ஆனால் அவருடைய காட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் வேலையைச் செய்யுங்கள். இரண்டாம் வருடம் வந்துவிடுவார்.

எல்லா நிலத்தையும் ஒரே அடியாக மாற்றச் சொல்லாதீர்கள். நாலு ஏக்கர் உள்ளவர் ஒன்றோ ஒன்றரையோ கொடுத்தால் போதும். மக்காச்சோளத்தைத் திட்டிப் பேசி ஊருக்குள் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோழித் தீவனத்துக்கு அது உடனே விலை போகிறது, பிள்ளைகளின் படிப்புச் செலவு அதில்தான் ஓடுகிறது. அதைத் திட்டினால் அந்த வீட்டையே திட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள்.

குத்தகைக்காரர்களின் நிலை தனி. நிலத்துக்காரர் சென்னையிலோ சிவகாசியிலோ இருப்பார், வருடா வருடம் வாய்ப்பேச்சில் குத்தகை. அடுத்த வருடம் யாருக்கோ போகப் போகிற காட்டில் எவர் எரு அடிப்பார்? ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து நிலத்துக்காரரிடம் பேசி, மூன்று வருடத்துக்கு எழுத்தில் வாங்குவது இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். நாங்கள் இதை இரண்டாம் வருடம்தான் செய்தோம். அதற்குள் இரண்டு குடும்பம் விலகிவிட்டது.

பெண்களைக் கடைசியில் கூப்பிட்டு விதை நேர்த்தி கற்றுக்கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பயிரை எவ்வளவு போடுவது என்ற முடிவில் அவர்கள் இருக்க வேண்டும். தெலங்கானாவின் சாகீராபாத் வட்டாரத்தில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பின் பெண்கள் சங்கங்கள் இதற்குக் கண்முன் சாட்சி. பெரும்பாலும் தலித் பெண்கள். தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்திச் சோளமும் பயறுகளும் கலந்து விதைத்தார்கள். அதற்கு வாங்கிய கடனைத் தானியமாகத் திருப்பிச் செலுத்தி, அந்தத் தானியத்தை ஊரின் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். 2019-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. வீட்டுச் சட்டியில் என்ன வேகும் என்ற கேள்வியிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள்.

சித்திரை, வைகாசி: தண்ணீருக்கான வேலை

ஒரு கணக்கைக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர். ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டுவதும் உண்டு. இரண்டு லட்சம் லிட்டர்! அதில் பாதி ஓடிவிட்டால், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லாரித் தண்ணீர் ஓர் ஏக்கரிலிருந்து போய்விட்டது என்று அர்த்தம், கூடவே மேல்மண்ணும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து பெருமழையாக வந்து போய்விடும் நமக்கு, ஓடுகிற தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் உரம்.

கோடை உழவை விடக் கூடாது. "சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்" என்று சும்மா சொல்லவில்லை. கோடை மழை ஒன்று விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். டிராக்டர்காரர் திரும்புவதற்கு வசதியாக நீளவாக்கில், அதாவது சரிவோடு ஓட்டிவிட்டுப் போவார். அந்த ஒவ்வொரு சாலும் தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். உழவு நாளில் ஒருவர் காட்டில் நின்று திசை காட்ட வேண்டும், நாங்கள் அதற்கென்று ஆள் முறை வைத்துக்கொண்டோம். பல வருடம் ஒரே ஆழத்தில் டிராக்டர் ஓடிய காட்டில் அடியில் மண் இறுகியிருக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை உளிக்கலப்பை போட்டு அதை உடைக்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையில் கருவிகள் வாடகைக்குக் கிடைக்கும்.

அடுத்து பொழி. இதில் நாங்கள் பட்ட அடியை விவரமாகச் சொல்கிறேன். ஒரு பயிற்சியில் பார்த்துவிட்டு வந்து, கரிசல் காட்டைச் சுற்றி நாலு பக்கமும் உயரமாக, வழியே இல்லாமல் கரை போட்டோம். ஐப்பசியில் ஒரே வாரத்தில் மூன்று மழை. தண்ணீர் ஆறு நாள் தேங்கி நின்று உளுந்து முழுக்க மஞ்சளாகிவிட்டது. போதாததற்குக் கோடையில் கரையில் விழுந்திருந்த வெடிப்பின் வழியே தண்ணீர் புகுந்து கரையே அறுத்துக்கொண்டது, கீழ்க் காட்டுக்காரருக்கும் நஷ்டம். கரிசல் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அதனால் இங்கே கரை தண்ணீரை மெதுவாக்கினால் போதும். தாழ்வான மூலையில் கல் அடுக்கி ஒரு சின்னக் கலுங்கு வைத்து, மிச்சத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் வெளியேற வழி விட வேண்டும். கரைக்குள் எட்டுக்கு ஐந்து மீட்டர் அளவில் சிறு பாத்திகளாக வரப்பு இழுத்துவிட்டால், விழுகிற இடத்திலேயே மழை ஊறும். செம்மண்ணில் நிலைமை வேறு. அங்கே தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும், சம மட்டத்தில் போட்ட அடைத்த கரையே நன்றாக வேலை செய்யும்.

பண்ணைக்குட்டைக்கும் இதே வித்தியாசம்தான். கரிசலில் வெட்டிய குட்டை தண்ணீரைப் பிடித்து வைக்கும். மார்கழியில் மழை நின்று பயிர் வாடும்போது ஒரே ஒரு உயிர்த்தண்ணீர் கொடுத்தால் மகசூல் தப்பிவிடும். செம்மண் குட்டையில் தண்ணீர் பூமிக்குள் போய்விடும், அது பக்கத்துக் கிணற்றுக்கு நல்லது. எதற்காக வெட்டுகிறோம் என்பதை முதலிலேயே பேசிவிட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

கண்மாயை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று 39,000-க்கும் மேல் இருக்கின்றன, அவற்றில் பல, தண்ணீர் வரும் வரத்துக்கால் தூர்ந்துதான் செத்துக்கிடக்கின்றன. வரத்துக்காலைச் சுத்தம் செய்வதை ஊராட்சியின் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கும்படி கிராமசபையில் எழுதிக் கொடுங்கள்.

வைகாசி முதல் ஆடி வரை: மண்ணுக்குச் சோறு

பெரும்பாலான பயிற்சிகள் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்று இயற்கைக் கரைசல்களை டிரம்மில் கரைப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. மானாவாரியில் அது தலைகீழ். ஜீவாமிர்தம் மண்ணிலுள்ள நுண்ணுயிரைத் தூண்டும். மண்ணில் மக்கும் பொருளே இல்லை என்றால் அவை எதைத் தின்னும்? ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் ஊற்ற, தண்ணீரே இல்லாத காட்டுக்கு யார் சுமந்து வருவார்? முதல் இரண்டு வருடம் கரைசலை விதை நேர்த்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நமக்கு உண்மையான பலம் கிடைதான். அறுவடைக்கும் விதைப்புக்கும் நடுவில் கிடைக்காரர்கள் மந்தையோடு சுற்றி வருவார்கள். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகளும் (ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகிறவர்கள்) வருவது உண்டு. இரவில் காட்டில் ஆட்டை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணுக்குப் போகும். வண்டிச் செலவும் இல்லை, அள்ளிக் கொட்டும் கூலியும் இல்லை. ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறு வருடம் என்று பெரியவர்கள் சொன்னபடி பலனும் உடனே தெரியும். தனித்தனியாகக் கூப்பிட்டால் ஓர் ஏக்கருக்கு அவர்கள் வர மாட்டார்கள். முப்பது ஏக்கருக்கு ஊராகச் சேர்ந்து பேசினால் வருவார்கள், கூலியும் குறையும். பணமாகவும் கொடுக்கலாம், தவசமாகவும் (தானியம்) கொடுக்கலாம். மந்தைக்குக் குடிதண்ணீரும் கிடைக்காரர் குடும்பத்துக்குத் தங்க இடமும் ஊர்ப் பொறுப்பு. கிடை எழும்பிய உடனே மேலாக ஓர் உழவு ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் மூத்திரத்தின் சத்து வெயிலில் பறந்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. ஆடு சீமைக்கருவேலக் காயைத் தின்றிருந்தால் புழுக்கையோடு அந்த விதையும் வந்து சேரும். முதல் மழைக்கு முளைக்கும் கன்றுகளை ஒரு சாண் வளருவதற்குள் பிடுங்க வேண்டும். அடுத்த வருடம் என்று விட்டால் கடப்பாரை வேண்டியிருக்கும்.

வண்டல் அடிப்பது செம்மண் காட்டுக்கு மருந்து மாதிரி. கண்மாய்க் கரம்பையை அள்ளிப் பரப்பினால் ஈரம் நாலைந்து நாள் கூடுதலாக நிற்கும். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே இதற்கு அனுமதி வாங்கலாம், விவசாயத்துக்குக் கட்டணம் கிடையாது. கரையடியில் அள்ளவே கூடாது. உவர் பூத்த இடத்து மண்ணும் வேண்டாம்.

சணப்பு, தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழச் சொல்வார்கள். தண்ணீர் வசதி உள்ள இடத்தில் அது நல்லதுதான். மானாவாரியில் அடுத்த பயிருக்கான ஈரத்தை அது குடித்துவிடும் அபாயம் இருக்கிறது. கோடை மழை நன்றாகப் பெய்த வருடத்தில் மட்டும் பலதானியம் விதைத்து மடக்கி உழுங்கள். மற்றபடி பொழியிலும் தரிசிலும் தானாக முளைக்கிற கொழிஞ்சியைக் களை என்று அழிக்காமல் விட்டுவைத்தால் போதும். ஆடுமாடு அதை அதிகம் தொடாது, வறட்சியையும் தாங்கும், வெட்டிப் போட்டால் நல்ல தழையுரம்.

ஆவணி: விதையும் கலவையும்

விதையைத் தேடி எங்கள் வட்டாரத்தில் சுற்றியபோது இருங்குச் சோளம் ஒரு வீட்டுக் குலுக்கையில் (தானியக் குதிர்) கிடைத்தது, எட்டுப் படி. கருங்கண்ணிப் பருத்தி விதை இன்னும் சிலர் கையில் இருக்கிறது. இப்படிக் கிடைப்பதையெல்லாம் முதல் வருடம் கால் ஏக்கரில் பெருக்கிப் பாருங்கள். மற்றதற்கு ஆராய்ச்சி நிலையங்களின் ரகங்களை வாங்குவதில் தவறே இல்லை. கோவில்பட்டி நிலையத்தின் சோள ரகங்களும், வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தின் உளுந்து ரகங்களும் திரும்ப எடுத்து விதைக்கக்கூடியவை. ஒவ்வொரு வருடமும் கடையில் வாங்க வேண்டிய விதையைத்தான் தவிர்க்க வேண்டும்.

கலவையை முடிவு செய்யும்போது மூன்று கேள்வி. மழை சீக்கிரம் நின்றுவிட்டால் எது கை கொடுக்கும்? தை வரை பெய்தால் எது பலன் தரும்? ஆடுமாட்டுக்கு என்ன மிஞ்சும்? கரிசலில் நாங்கள் போடுவது இப்படி: சோளம் நாலு வரிசை, உளுந்து இரண்டு வரிசை, எட்டு வரிசைக்கு ஒரு துவரை. உளுந்து எழுபது எண்பது நாளில் வீட்டுக்கு வந்துவிடும். சோளம் கதிரோடு மாட்டுக்கு நாற்றும் (தட்டைத் தீவனம்) தரும். துவரை ஆணிவேர் விட்டு ஆழத்து ஈரத்தை எடுத்து மாசி வரை நிற்கும். பருத்திக்காட்டில் ஊடே உளுந்தும் ஓரத்தில் இரண்டு வரிசை சோளமும். செம்மண்ணில் நிலக்கடலையோடு துவரை, ஓரத்தில் ஆமணக்கு, அங்கங்கே தட்டைப்பயறு. ஏக்கருக்குச் சோளம் ஆறு கிலோ, உளுந்து எட்டு கிலோ என்பது தனிப்பயிர்க் கணக்கு. கலந்து போடும்போது அந்தந்தப் பயிர் பிடிக்கும் இடத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட படைப்புழு அதே ஆண்டில் நம் மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்தது. ஊர் முழுக்க ஒரே பயிர் நின்றதால் பந்தி வைத்த மாதிரி ஆகிவிட்டது. கலப்புப் பயிரின் அருமையைப் பேச எங்களுக்கு அந்த வருடம்தான் வாய்ப்புக் கொடுத்தது.

புரட்டாசி: புழுதியில் விதைப்பு

மழை விழுந்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால், கரிசலில் கால் வைக்க முடியாமல் ஒரு வாரம் போய்விடும். பருவமே இரண்டு மாதம் என்கிறபோது ஒரு வாரம் என்பது பெரிது. அதனால்தான் புரட்டாசி முதல் வாரத்தில் காய்ந்த புழுதியிலேயே சோளத்தையும் உளுந்தையும் விதைத்துவிடுகிறோம். விதை இரண்டு அங்குல ஆழத்தில் விழ வேண்டும். மேலாக விழுந்தால் சின்னத் தூறலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் இருந்தால் நல்ல உழவு மழைக்குத்தான் முளைக்கும். குதிரைவாலி, கம்பு போன்ற பொடி விதைகளுக்கு இது ஆகாது, அத்தனை ஆழத்திலிருந்து முளை மேலே வராது. அவற்றை முதல் மழை ஈரத்தில் மேலாக விதையுங்கள்.

சோள விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்தினால் வறட்சியைத் தாங்கும் தெம்பு கூடும். பயறு விதைக்கு ஆறிய சோற்றுக் கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து புரட்டி நிழலில் காயவையுங்கள்.

எல்லோரும் நாலைந்து நாளுக்குள் விதைத்து முடிக்க வேண்டும். அப்போதுதான் பயிர் ஒரே சமயத்தில் பூக்கும், ஒரே சமயத்தில் கதிர் பிடிக்கும், பறவையும் பூச்சியும் ஊர் முழுக்கப் பிரிந்து தின்னும். காவலுக்கும் முறை வைத்துக்கொள்ளலாம். பன்றி வரும் பக்கம் இரவுக் காவல் தவிர வேறு முழுத் தீர்வு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை

முளைத்த இருபதாம் நாளும் நாற்பதாம் நாளும் களை எடுப்பு. கூலி ஆள் கிடைக்காததுதான் இன்றைய பெரிய பிரச்சினை, களைக்கொல்லிக்கு ஆள் போவதும் அதனால்தான். பத்துக் குடும்பமும் மொய்யாள் முறையில் ஒருவர் காட்டில் மற்றவர் என்று இறங்கினால் சமாளிக்கலாம். எடுத்த களையைக் கரையில் எறியாமல் வரிசைக்கு நடுவிலேயே மூடாக்காகப் போடுங்கள்.

பூச்சிக்கு ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பறவைத் தாங்கிக் குச்சிகள் நடுங்கள். ஆமணக்கு இலையில் முட்டைக் குவியல் தெரிந்தால் இலையோடு கிள்ளி எடுத்துவிடுங்கள். தட்டைப்பயறில் அசுவினி வந்தால் பதற வேண்டாம், அதைத் தின்ன வரும் பொறிவண்டு மற்றப் பயிரையும் காக்கும்.

மார்கழி, தை: மேய்ச்சல் கட்டுப்பாடும் மரமும்

முதல் வருடத் துவரை போனதற்கு மருந்து இங்கே இருக்கிறது. மாசி எத்தனாம் தேதி வரை மந்தையைக் காட்டுக்குள் விடக் கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். ஆடு வைத்திருப்பவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இருக்காது. அவர்களைக் கேட்காமல் போடும் கட்டுப்பாடு சண்டையில்தான் முடியும். அதுவரை ஆடு எங்கே மேயும்? எங்கள் ஊரில் கண்மாய் உட்பக்கத்தையும் ஊர்ப் பொதுத் தரிசில் ஒரு பகுதியையும் அவர்களுக்கு ஒதுக்கினோம். நாற்றுத் தட்டையில் ஒரு பங்கும் கொடுத்தோம். கன்னி ஆடும் வேம்பூர் ஆடும் இந்த வெயிலுக்கென்றே பிறந்த இனங்கள். அவற்றை வளர்ப்பவர்களைப் பகைத்துக்கொண்டால் கிடை போட யாரிடம் போவோம்?

மரத்துக்குப் பெரிய திட்டம் வேண்டாம். கண்மாய்க் கரையிலும் மேட்டுப் பொழியிலும் ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. உடை, வேம்பு, வாகை தானாக முளைத்தால் சுற்றி முள் வைத்துக் காப்பாற்றுங்கள். உடை நெற்று ஆட்டுக்குக் கோடைத் தீவனம்.

அறுவடைக்குப் பிறகு: அரவையும் விற்பனையும்

சிறுதானியம் நம் வீடுகளிலிருந்து போனதற்கு உமி நீக்கும் சிரமமும் ஒரு பெரிய காரணம். குதிரைவாலியை உரலில் குத்தி அரிசியாக்குவது பெண்களின் தோளை ஒடித்த வேலை. அந்த வேலைக்கு இயந்திரம் வைக்காமல் சிறுதானியத்தின் பெருமையை மட்டும் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஊர்க் குழுவாகச் சேர்ந்து, மானியம் இருந்தால் கேட்டு, ஒரு சின்ன உமி நீக்கும் இயந்திரம் வாங்குவதுதான் எங்கள் பட்டியலில் முதல் செலவு. இல்லையென்றால் தானியத்தை மூட்டையாக வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, அதே தானியத்தின் அரிசியைக் கடையில் பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டி வரும்.

முதலில் வீட்டுக்கு ஒதுக்குங்கள், பிறகு ஊருக்குள் விற்பனை, அப்புறம் பக்கத்து டவுன், மிச்சம்தான் வெளிச்சந்தை. ஐந்து குடும்பம் சேர்ந்தாலே பங்கேற்பு உத்தரவாத முறையில் இயற்கைச் சான்றிதழுக்குப் பதிந்துகொள்ளலாம், ஒருவர் காட்டை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறை அது. பெரிய கட்டணம் இல்லை, ஆனால் முழுச் சான்றுக்கு மூன்று வருடம் வரை ஆகும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை முதல் வருடமே தொடங்கிவிடாதீர்கள். விற்க நூறு மூட்டையாவது சேரும்வரை அதன் கணக்குப் பதிவு வேலையே ஆளைச் சாப்பிட்டுவிடும்.

அரசுத் திட்டம், காப்பீடு, கணக்கு நோட்டு

மானாவாரி நிலங்களுக்கென்றே 2016-17 முதல் தமிழ்நாடு அரசு நீடித்த மானாவாரி வேளாண்மை இயக்கத்தை நடத்தியது, ஆயிரம் எக்டேர் கொண்ட தொகுப்புகளாக. 2023-ல் அங்கக (இயற்கை) வேளாண்மைக் கொள்கையும் வந்தது. உங்கள் வட்டாரத்தில் இப்போது எது நடக்கிறது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். கேட்கும்போது சாவடியில் வரைந்த படத்தையும் குடும்பங்களின் பட்டியலையும் கையில் கொண்டு போங்கள். திட்டத்துக்காக ஊரைத் திருப்புவதைவிட, ஊர் போட்ட திட்டத்துக்கு அங்கிருந்து எது கிடைக்கும் என்று பார்ப்பது நல்லது.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ராபி (குளிர்காலம்) பருவ உணவுப் பயிருக்கு 1.5 சதவீதமும் பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 சதவீதமும்தான் நாம் கட்டும் பிரீமியம். அடங்கலில் (ஊரின் பயிர்ப் பதிவேடு) எந்தப் பயிர் பதிவாகிறதோ அதற்குத்தான் காப்பீடு. கலப்புப் பயிர்க் காட்டில் முதன்மைப் பயிராக எதை எழுதுவது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விதைத்த வாரமே சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்குச் சோளம் நின்ற காட்டில் போன வருடத்து மக்காச்சோளமே பதிவாகி, இழப்பீடு கைக்கு வரவில்லை. கையில் ரசீதும் காட்டின் புகைப்படமும் இருந்தால் வாதாடலாம்.

கணக்கு நோட்டில் நான்கு பத்தி போதும்: கையிலிருந்து போன பணம், விற்று வந்த பணம், வீட்டுக்கு வைத்த தவசமும் பயறும் எத்தனை படி, மாட்டுக்கு வைத்த தட்டை எத்தனை கட்டு. கடைசி இரண்டையும் எழுதாவிட்டால் மக்காச்சோளம்தான் லாபம் என்று தோன்றும். எழுதிப் பார்த்தால் மழை குறைந்த வருடத்தில் எது குடும்பத்தைக் காப்பாற்றியது என்று தெரியும். முதல் வருடம் மகசூல் கூடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எங்களுக்குச் செலவு முதல் வருடமே குறைந்தது, விளைச்சல் பழைய நிலைக்கு வர மூன்றாம் வருடம் ஆனது.

பக்கத்து ஊருக்கு

இது பரவும் வழி விதை. ஒரு படி வாங்கியவர் அறுவடையில் இரண்டு படி திருப்பித் தர வேண்டும் என்று விதைக் கணக்கு வையுங்கள். விதை மூட்டையை வேப்பிலை போட்டுக் குலுக்கையில் வைக்கும் பொறுப்பு பெண்கள் கையில் இருக்கட்டும். நோட்டில் வாங்கியவர் பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். அந்த எட்டுப் படி இருங்குச் சோளம் இப்போது எங்கள் நோட்டில் ஐந்து ஊர்ப் பெயர்களில் நிற்கிறது. முதல் வருடம் துவரையைப் பறிகொடுத்த சம்சாரிதான் அந்த நோட்டை வைத்திருக்கிறார். புரட்டாசி நெருங்கினால் காலையிலேயே அவர் வீட்டுத் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும். ஒற்றை ஆளாக வந்து கேட்பவருக்கு அவர் விதை கொடுப்பதில்லை. "பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.